கடைமடையிலிருந்து வரும் குரல்: செயற்கை கஞ்சா மூளையில் என்ன செய்கிறது?

கிருஷ்ணகிரியில் முதுநிலை வேதியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய பெரியப்பா மகனுக்கு வயது 24, ஓசூரில் ஷிப்ட் வேலை. அறையில் உடன் தங்கியிருந்தவர்களோடு சேர்ந்து ஏதோ புகைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வாந்தி, படபடப்பு, அப்புறம் கை கால் வெட்டி இழுத்து விழுந்துவிட்டார். மருத்துவமனையில் சிறுநீரில் கஞ்சா பார்க்கும் பட்டையை வைத்தார்கள். கஞ்சா இல்லை என்று காட்டியது. அறையில் ஒரு வெள்ளி நிறப் பொட்டலம். "மூலிகை நறுமணப் பொருள், மனிதர் உட்கொள்வதற்கு அல்ல" என்று அதில் அச்சடித்திருந்தது. உடன் இருந்தவர்களோ, "இது ஜேடபிள்யூஎச். செயற்கை கஞ்சா. கஞ்சா போய் உட்கார்ற அதே எடத்துலதான் இதுவும் உட்காரும், ஒண்ணும் ஆவாது" என்று சொன்னார்களாம். தம்பியின் கேள்வி இது: அதே ஏற்பிதான் (அந்தப் பொருள் போய் உட்காரும் புரதம்) என்றால் ஏன் இவ்வளவு முரட்டுத்தனம்? கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி.யின் அமைப்புக்கும் இதன் அமைப்புக்கும் சம்பந்தமே இல்லையே, இரண்டும் எப்படி ஒரே இடத்தில் பொருந்தும்? சோதனையில் ஒன்றும் வரவில்லையே, அண்ணன் எதையாவது மறைக்கிறானா? பெரியம்மா இதைக் காத்து கருப்பு என்று நம்பி, மந்திரிக்க அழைத்துப்போகிறேன் என்கிறாராம்.

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், வீட்டில் அதுதான் அவசரம். அண்ணன் எதையும் மறைக்கவில்லை. அந்தப் பட்டை தேடுவது டி.எச்.சி. உடம்பில் சிதைந்த பிறகு மிஞ்சும் ஒரு அமிலத்தை மட்டும்தான். பட்டையில் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருளுக்கு அந்த ஒரு முகம் மட்டுமே அடையாளம் தெரியும். நீங்களே சொன்னதுபோல் இந்தச் சரக்கின் அமைப்பு முற்றிலும் வேறு. அதனால் இரண்டு கோடுகள் வந்திருக்கும். அந்த வகைப் பட்டையில் இரண்டு கோடு என்றால் 'இல்லை' என்று அர்த்தம். கர்ப்பப் பரிசோதனைப் பட்டைக்கு நேர் எதிர். இல்லாதது கஞ்சாதானே தவிர, போதைப்பொருள் எதுவுமே இல்லை என்று அது சொல்லவில்லை. திரவ நிறவரைவியலோடு நிறை நிறமாலைமானியும் உள்ள ஆய்வகத்தில், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடினால் பிடிபடும். பெரியம்மாவிடம் இதை நிதானமாகச் சொல்லுங்கள். பிள்ளைக்கு வந்தது பேயும் இல்லை, பரம்பரை வலிப்பும் இல்லை, உள்ளே போன ஒரு பொருளின் வேலை என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

நான் தருமபுரியில் இருபது வருடமாக மருந்தியல் சொல்லிக்கொடுக்கிறேன். 'அதே இடத்தில்தான் உட்காரும்' என்ற வாக்கியத்தை மாணவர்கள் எழுதும்போதெல்லாம் சிவப்பு மையில் கோடு போடுவது என் வழக்கம். தப்பு என்பதால் இல்லை. அது பாதி உண்மை, அந்தப் பாதியை மட்டும் நம்பித்தான் ஓசூர் அறையில் அந்தப் பிள்ளைகள் பற்றவைத்திருக்கிறார்கள்.

முதலில் அந்த இடம் எது என்று பார்ப்போம். சிபி1 ஏற்பி என்பது நரம்பணுவின் மேல்தோலில் பதிந்திருக்கும் ஒரு புரதம். 472 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஊசி துணியை ஏழு முறை குத்தி வெளியே வருவதுபோல அணுவின் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கிறது. இதன் மரபணுவை அமெரிக்காவில் லிசா மட்சுடாவின் குழு 1990-இல் பிரித்தெடுத்துப் படித்தது. நோய் எதிர்ப்பு அணுக்களில் அதிகம் இருக்கும் சிபி2 ஏற்பி 1993-இல் தெரியவந்தது. கஞ்சாச் செடிக்காகவா நம் மூளை ஒரு ஏற்பியை வைத்திருக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் 1992-இல் வந்தது. ஜெருசலேமில் ரஃபேல் மெஷூலமின் ஆய்வகத்தில் பன்றி மூளையிலிருந்து ஒரு கொழுப்புப் பொருளைப் பிரித்தார்கள். மூளையே தயாரித்துச் சிபி1-க்கு அனுப்பும் பொருள் அது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஆனந்தமைடு. ஆம், நம் ஆனந்தம்தான். வடமொழிச் சொல்லை எடுத்து வேதியியல் விகுதி சேர்த்துவிட்டார்கள். டி.எச்.சி.யை 1964-இல் பிரித்து அதன் அமைப்பைச் சொன்னதும் இதே மெஷூலம்தான், உடன் யெஹியல் கவோனி.

ஆனந்தமைடு என்ன செய்கிறது என்பதைப் பாடப்புத்தகப் படத்தில் பார்த்தால் குழம்பும். எனக்கே அது பாலக்கோட்டுப் பக்கம் என் மைத்துனர் தக்காளித் தோட்டத்தில்தான் சரியாக விளங்கியது. சொட்டுநீர் போடுவதற்கு முந்தைய காலம். ராத்திரி மும்முனை மின்சாரம் வந்ததும் ஒருவர் மோட்டார் கொட்டகையில் நிற்பார். தண்ணீர் வாய்க்காலில் ஓடும். கடைமடையில் மண்வெட்டியோடு நிற்பவர் பாத்தி நிரம்பியதும் இருட்டில் குரல் கொடுப்பார்: "போதும், நிறுத்து!" தண்ணீர் போகும் திசை ஒன்று, குரல் வரும் திசை எதிர். தண்ணீர் வாங்குகிறவர்தான் தண்ணீர் விடுகிறவரை அடக்குகிறார்.

மூளையில் நடப்பதும் இதுதான். ஒரு நரம்பணு செய்தி அனுப்புகிறது, அடுத்தது வாங்குகிறது. வாங்கும் அணுவில் செய்தி அளவுக்கு மீறினால், அது அந்த நிமிடத்தில் அந்த இடத்தில் ஆனந்தமைடையோ அதன் உறவான 2-ஏஜி என்ற பொருளையோ செய்து பின்னோக்கி அனுப்புகிறது. அனுப்பும் அணுவின் முனையில் சிபி1 காத்திருக்கிறது. அதுதான் மோட்டார் கொட்டகைக்காரரின் காது. குரல் விழுந்ததும் உள்ளே இருக்கும் ஜி-புரதம் என்ற ஏவலாள் கிளம்பி, கால்சியம் உள்ளே வரும் வாய்களை அடைக்கிறது, பொட்டாசியம் வெளியே போகும் வாய்களைத் திறக்கிறது, அணுவுக்குள் சேதி சொல்லும் சைக்ளிக் ஏ.எம்.பி. தயாரிப்பைக் குறைக்கிறது. கால்சியம் இல்லாமல் செய்திப் பைகள் உடையாது. செய்தி நிற்கிறது. விரைவிலேயே நொதிகள் ஆனந்தமைடை உடைத்துவிடுகின்றன; குரல் காற்றில் கரைந்துபோகிறது. மோட்டார் மறுபடி ஓடத் தயார்.

இந்த ஏற்பாட்டின் அழகு மூன்று விஷயங்களில் இருக்கிறது. தேவைப்பட்ட பாத்தியில் மட்டும் குரல் எழும். தேவைப்பட்ட நேரம் மட்டும் எழும். உடனே அடங்கும். கஞ்சாவின் டி.எச்.சி. உள்ளே வரும்போது இந்த மூன்றும் கெடுகின்றன: ஊர் முழுக்க எல்லா வயல்களிலும் யாரோ மணிக்கணக்கில் "போதும், போதும்" என்கிறார்கள். ஆனால் அரைத்தொண்டையில் சொல்கிறார்கள். மருந்தியலில் இதற்குப் பகுதி முடுக்கி என்று பெயர். டி.எச்.சி. எல்லாச் சிபி1 ஏற்பிகளிலும் நிறைந்து உட்கார்ந்தாலும், அந்த ஏற்பியால் முடிந்த முழு வேலையை அதனால் வாங்க முடியாது. அதற்கு ஒரு கூரை உண்டு. இன்னும் சொன்னால், முழு வேலை வாங்கும் வேறொரு மூலக்கூறு பக்கத்தில் இருந்தால், டி.எச்.சி. அதன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு அதன் வேலையைக் குறைக்கவும் செய்யும்.

அந்தப் பிள்ளைகள் சொன்ன ஜேடபிள்யூஎச் குடும்பத்தைச் சேர்ந்த ஜேடபிள்யூஎச்-018 முழு முடுக்கி. அதற்கு அந்தக் கூரை இல்லை. ஒலிபெருக்கி கட்டிக் கத்துவதுபோல.

உங்கள் முதல் கேள்விக்கு விடையின் மையம் இதுதான், தம்பி. ஏற்பியில் ஒட்டுவது ஒரு குணம், ஒட்டியபின் அதைத் திருப்புவது இன்னொரு குணம். ஒட்டுதலை அளந்தால், ஜேடபிள்யூஎச்-018-க்குச் சிபி1-இல் பிணைப்பு மாறிலி சுமார் 9 நானோமோலார், சிபி2-இல் சுமார் 3. டி.எச்.சி.க்குச் சிபி1-இல் சுமார் 41. எண் சிறிதாக இருந்தால் பிடி இறுக்கம் என்று உங்களுக்குத் தெரியும். ஆக நாலரை மடங்கு இறுக்கம். வெறும் இதை மட்டும் வைத்துப் பார்த்தால், "அப்ப நாலில் ஒரு பங்கு அடிச்சா கஞ்சா மாதிரியே இருக்கும்" என்று தோன்றும். புகைக்கிற பிள்ளைகள் போடும் கணக்கும் இதுதான். ஆனால் அளவைக் குறைத்து ஒட்டுதலைச் சமன் செய்யலாமே தவிர, திருப்பும் குணத்தைச் சமன் செய்ய முடியாது. கொஞ்சம் கை தவறி அளவு கூடினால், டி.எச்.சி. தன் கூரையில் முட்டி நின்றுவிடும். இது நிற்காமல் மேலே போகும்.

இப்போது அமைப்புக்கு வருகிறேன். உங்களுக்குப் பிடித்த பகுதி, எனக்கும்தான்.

ஜேடபிள்யூஎச்-018-இல் 24 கார்பன், 23 ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். மூலக்கூறு எடை 341-க்குச் சற்று மேல். மூன்று துண்டுகளாகப் பிரித்துப் பாருங்கள். நடுவில் இண்டோல் வளையம். ஓசூர்ச் சந்தைக்கு மல்லிகை வந்து இறங்கும் அதிகாலையில் அந்தக் கனமான வாசனை எழுகிறதே, அதில் சிறிதளவு இண்டோல் உண்டு. நம் மூளையின் செரட்டோனினுக்கும் இதே வளையம்தான் அடிப்படை. இண்டோலின் மூன்றாவது இடத்தில் ஒரு கார்பனைல் பாலம், அதன் மறுகரையில் நாப்தலீன் வளையம். பீரோவில் துணிக்கு நடுவே வைக்கும் அந்துருண்டையின் நாப்தலீன். இண்டோலின் நைட்ரஜனில் ஐந்து கார்பன் கொண்ட பென்டைல் வால். இதைப் படித்துவிட்டு, மல்லிகையும் அந்துருண்டையும் கலந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வளையங்கள் பிணைந்து ஒரே மூலக்கூறான பிறகு பழைய குணம் எதுவும் மிஞ்சாது. சோடியத்தின் குணமும் குளோரினின் குணமும் உப்பில் இல்லாததுபோல.

டி.எச்.சி.யோ டெர்பீனும் ஃபீனாலும் சேர்ந்த மூன்று வளைய அமைப்பு, அதில் நைட்ரஜனே கிடையாது. காகிதத்தில் வரைந்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உங்கள் குழப்பம் நியாயமானது. ஆனால் ஏற்பி காகிதத்தில் படிப்பதில்லை. அது முப்பரிமாணத்தில் தடவிப் பார்க்கிறது. சிபி1-இன் உட்குழி பெரும்பாலும் எண்ணெய்த்தன்மை கொண்டது, தண்ணீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் சுற்றி நிற்கும் இடம். அங்கே வேண்டியது எண்ணெய்த்தன்மை கொண்ட ஒரு பருமன், ஒரு பக்கம் நீளும் ஒரு வால், வளையங்கள் அடுக்கி நிற்க ஒரு தட்டையான முகம். டி.எச்.சி.யிலும் ஐந்து கார்பன் வால் உண்டு என்பதைக் கவனியுங்கள். வேறு வேறு சட்டகத்திலிருந்து தொங்கினாலும் குழிக்குள் அந்த வாலும் இந்த வாலும் ஏறக்குறைய ஒரே பணியைச் செய்கின்றன.

இந்தக் குடும்பத்தை உருவாக்கியவர் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் டபிள்யூ. ஹஃப்மன். பெயரின் முதல் எழுத்துகள்தான் ஜேடபிள்யூஎச். வலி நிவாரணியாக ஒரு மருந்து நிறுவனம் ஆராய்ந்துகொண்டிருந்த இண்டோல் சேர்மங்கள் எதிர்பாராமல் கஞ்சா ஏற்பியில் வேலை செய்வது தெரியவர, அவர் அந்தச் சட்டகத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாக மாற்றிப் பார்த்தார். அரசு ஆராய்ச்சி நிதியில் நானூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்கள். நோக்கம், ஏற்பியின் உட்குழி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வது. உட்புறம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பானைக்குள் வெவ்வேறு வடிவக் குச்சிகளை விட்டு அதன் வயிற்றை அளப்பதுபோல.

அந்த அளவெடுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது வால் நீளக் கணக்கு. நைட்ரஜனில் மூன்று கார்பன் வால் வைத்தால் சிபி1 பிணைப்பு மாறிலி ஆயிரம் நானோமோலார் அளவில், அதாவது கிட்டத்தட்ட ஒட்டவே இல்லை. ஒரே ஒரு கார்பன் கூட்டி நான்காக்கினால் சுமார் 9. ஐந்திலும் 9. ஆறில் 10-ஐ ஒட்டி. ஏழாக்கியதும் 100-ஐத் தாண்டிவிடுகிறது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கு நூறு மடங்கு விலை. ஏற்பியின் குழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை இந்த ஐந்து எண்களே வரைந்து காட்டிவிடுகின்றன. வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன்.

பின்னாளில் அந்தக் குழியை நேரிலேயே பார்த்தார்கள். 2019-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எம்.டி.எம்.பி.-ஃபூபினாகா என்ற இன்னொரு செயற்கைச் சேர்மத்தைச் சிபி1-இல் உட்காரவைத்து, ஜி-புரதமும் ஒட்டியிருக்கும் நிலையில் உறைநிலை மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். குழியின் அடியில் இரண்டு அமினோ அமிலங்கள், 200-ஆம் இடத்து ஃபினைல்அலனினும் 356-ஆம் இடத்து டிரிப்டோபானும், சும்மா இருக்கும்போது ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கதவுக்குத் தாழ்ப்பாள்போல நிற்கின்றன. இந்தச் சேர்மம் விறைப்பானது, வளையாதது. அதன் வளையம் அந்தத் தாழ்ப்பாள் மேலேயே அழுத்தமாக உட்கார்ந்து, திறந்த நிலையிலிருந்து அதைத் திரும்ப விடுவதில்லை. டி.எச்.சி. நெகிழ்வானது, தாழ்ப்பாளை இந்த அளவு இறுக்கிப் பிடிப்பதில்லை. பகுதி முடுக்கி, முழு முடுக்கி என்று பல வருடமாக வரைபடக் கோடுகளாகப் பேசிவந்தது, அணு அளவில் ஒரு வளையம் எங்கே சாய்கிறது என்ற விஷயமாக மாறிவிட்டது.

சரி, "போதும்" என்ற குரல் அதிகமானால் மூளை அமைதியாகத்தானே வேண்டும்? வலிப்பு ஏன் வரவேண்டும்?

நல்ல மாணவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. எல்லா மோட்டாரும் தண்ணீர் இறைக்கும் மோட்டார் இல்லை என்பதுதான் பதில். மூளையில் குளூட்டமேட் அனுப்பும் அணுக்கள் கிளர்ச்சி தருபவை. காபா அனுப்பும் அணுக்கள் கிளர்ச்சியை அடக்குபவை. சிபி1 இரண்டின் முனைகளிலும் இருக்கிறது. நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் பகுதியில் காபா முனைகளில்தான் அது மிக அடர்த்தி. அவ்வளவு காதுகளிலும் ஒரே நேரத்தில் முழுத்தொண்டையில் "நிறுத்து" என்று விழுந்தால் முதலில் நிற்பது அடக்குகிற கை. அடக்குபவரை அடக்கினால் கிளர்ச்சி கட்டவிழ்கிறது. வலிப்புக்குப் பெரிதும் சொல்லப்படும் விளக்கம் இதுவே. ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் எலிகளின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்து 2017-இல் வெளியிட்டார்கள்: ஜேடபிள்யூஎச்-018 கொடுத்ததும் வலிப்பு அலைகள் வந்தன, சிபி1-ஐ அடைக்கும் பொருளை முன்கூட்டியே கொடுத்திருந்தால் வரவில்லை. அந்த ஆய்வில் டி.எச்.சி. தந்த எலிகளிலும் வலிப்பலைகள் இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன், செயற்கையில் கடுமை அதிகம். கஞ்சா நல்லது என்று சொல்வதற்காக நான் இந்த ஒப்பீட்டை எழுதவில்லை.

கல்லீரலின் பங்கையும் சேர்த்துப் பாருங்கள். டி.எச்.சி. முதலில் இன்னொரு வீரியமான பொருளாக மாறினாலும், அடுத்த படியில் வேலை செய்யாத அமிலமாகிவிடுகிறது. பட்டை பிடிப்பது அதைத்தான். ஜேடபிள்யூஎச்-018-ஐக் கல்லீரல் நொதிகள் ஹைட்ராக்சில் சேர்த்து மாற்றும்போது கிடைக்கும் பல பொருள்களும் சிபி1-இல் இறுக்கமாக ஒட்டி வேலை செய்கின்றன. கழிவு என்று வெளியேற்றத் தொடங்கியதே திரும்பி வந்து அதே கதவைத் தட்டுகிறது. கஞ்சாச் செடியில் டி.எச்.சி.யோடு கூடவே வரும் கன்னபிடயால் போன்ற பொருள்களும் இந்தப் பொட்டலத்தில் இல்லை.

இந்த மூலக்கூறு பிரச்சினையின் ஒரு பாதி. பொட்டலம் இன்னொரு பாதி. இந்த வகைப் பொட்டலத்தில் இருக்கும் பழுப்புப் பச்சைத் தூளில் போதை தரும் இலை எதுவும் இல்லை. ஏதோ ஒரு காய்ந்த தழை, அதன்மேல் தெளித்த வேதிப்பொருள். தெளித்தது எல்லா இடத்திலும் சமமாகப் படியாது. சில இடத்தில் வெறும் தழை, சில இடத்தில் கட்டியாக மருந்து. ஒரே பொட்டலத்திலிருந்து மூன்று பேர் சுருட்டினால் ஒருவருக்கு ஒன்றும் ஆகாது, ஒருவருக்குத் தலை சுற்றும், ஒருவர் விழுவார். "நாங்களும்தான் அடிச்சோம், எங்களுக்கு ஒண்ணும் ஆவலையே" என்று உடன் இருந்தவர்கள் சொல்கிறார்கள் அல்லவா, அது உங்கள் அண்ணனின் உடம்பு பலவீனம் என்பதற்குச் சாட்சி இல்லை. அவர் கையில் வந்த சிட்டிகை வேறு.

அதில் இருந்தது ஜேடபிள்யூஎச்-018 தான் என்றும் நம்பிவிடாதீர்கள். 2008 கடைசியில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 'ஸ்பைஸ்' என்ற பெயரில் விற்ற பொட்டலங்களில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது அது. அமெரிக்கா 2011 மார்ச்சில் தற்காலிகமாகத் தடை செய்தது. 2015-இல் ஐக்கிய நாடுகளின் 1971 மனமருட்சிப் பொருள் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் ஒன்றைத் தடை செய்ததும், விற்பவர்கள் வாலின் நுனியில் ஒரு ஃபுளோரின் மாட்டிய ஏஎம்-2201-க்கு நகர்ந்தார்கள். பிறகு நாப்தலீனை எடுத்துவிட்டு வேறு வளையம், பிறகு இண்டோலுக்குப் பதில் இண்டசோல், பிறகு அமினோ அமிலத் துண்டு ஒட்டியவை. ஐரோப்பாவில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டவை கண்டறியப்பட்டுள்ளன. ஒவ்வொரு மாற்றமும் சட்டத்திலிருந்து தப்பச் செய்தது. யாருடைய உடம்பிலும் சோதிக்கப்படாதது. தெருவில் மட்டும் பழைய பெயரே ஓடிக்கொண்டிருக்கும். ஏற்பியின் வடிவத்தைத் தெரிந்துகொள்ள ஒருவர் பொறுமையாக எழுதி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள், இப்படி விற்பவர்களின் கையேடாகிப்போனது எனக்கு இன்றும் வேதனைதான். மனிதர்கள் உட்கொள்வதற்காகச் செய்தவை அல்ல என்று ஹஃப்மனே பலமுறை சொன்னார்.

புதியவற்றின் வீரியத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 2016 ஜூலை 12 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரே தெருவில் 33 பேர் வெறித்த கண்ணோடு, அசைவு குறைந்து, முனகியபடி நின்றார்கள், விழுந்தார்கள். காரணம் ஏ.எம்.பி.-ஃபூபினாகா. டி.எச்.சி.யைவிட 85 மடங்கு வீரியம் என்று மதிப்பிட்டார்கள். நோயாளிகளின் ரத்தத்தில் தேடியபோது அந்தச் சேர்மமே இல்லை! எஸ்டர் பிணைப்பு உடைந்து மிஞ்சிய அமிலம் மட்டும்தான் கிடைத்தது. அதை முன்பே ஊகித்துத் தேடியதால் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு நுணுக்கமான ஆய்வகத்துக்கே அப்படி என்றால், நம் ஊர் அவசரப் பிரிவில் இருக்கும் ஒரு பட்டையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

2018-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் இன்னொரு கொடுமை. இத்தகைய பொட்டலங்களில் புரோடிஃபாகூம் என்ற எலி மருந்து கலந்திருந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தம் உறையாமல் மூக்கிலும் ஈறிலும் சிறுநீரிலும் கசிந்தது. மாதக்கணக்கில் வைட்டமின் கே கொடுக்க வேண்டியிருந்தது. அண்ணனுக்குப் பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா, காரணமில்லாமல் கன்றிப்போன தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே ரத்த உறைவு நேரம் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அண்ணனுக்குச் செய்ய வேண்டியது. ஒருமுறை நடந்துவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். இந்த வகைச் சேர்மங்களால் சிறுநீரகம் திடீரெனப் பழுதானதும், பொட்டாசியம் குறைந்ததும், இதயத் துடிப்பு தாறுமாறானதும் பதிவாகியிருக்கின்றன. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், தசை நொதியான சி.பி.கே., ஒரு ஈ.சி.ஜி. இவை போதும். "கஞ்சா" என்று சொல்லாமல், "செயற்கை கஞ்சா, பட்டையில் வரவில்லை" என்று மருத்துவரிடம் முழுசாகச் சொல்லுங்கள். அந்தப் பொட்டலம் வீட்டில் இருந்தால் வெறும் கையால் பிரிக்காமல் ஒரு பையில் போட்டு அப்படியே கொடுங்கள். வலிப்பு மறுபடி வந்தால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்ற வேண்டாம், கையில் இரும்புச் சாவி கொடுத்துக்கொண்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. சிபி1-ஐ அடைக்கும் ரிமோனபான்ட் என்ற மருந்து 2006-இல் ஐரோப்பாவில் உடல் பருமனுக்காக வந்தது; மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தூண்டியதால் 2008-இல் விற்பனையை நிறுத்தினார்கள். கடைமடைக் குரலை முழுவதும் அடைத்தாலும் மூளை தாங்காது என்பதற்கு அதுவே சான்று. ஆகவே மருத்துவர்கள் வலிப்பை அடக்கும் பென்சோடயாசெபின் மருந்தும், குளுக்கோஸ் உப்பு நீரும் கொடுத்து, மூச்சையும் இதயத்தையும் கண்காணித்து, சேர்மம் வெளியேறும்வரை காப்பாற்றுவார்கள். பெரும்பாலும் அதுவே போதுமானது.

இது முதல்முறை இல்லை, பல வாரமாகப் பழக்கம் என்று தெரியவந்தால் வேறு கவனம் வேண்டும். தொப்பூர்க் கணவாயில் சரக்கு லாரி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து கீழ்வரை பிரேக்கை மிதித்தபடியே வந்தால் டிரம் சூடேறி, கீழே வரும்போது எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. முழு முடுக்கி ஒன்று சிபி1-ஐ விடாமல் அழுத்தினால் அணு அந்த ஏற்பிகளைச் செயலிழக்கச் செய்து, மேல்தோலிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. காதுகளையே கழற்றி வைத்துவிடுவதுபோல. பிறகு அதே போதைக்கு அதிக அளவு வேண்டும். நிறுத்தினால் மூளையின் சொந்த ஆனந்தமைடு குரல் கொடுத்தாலும் கேட்க ஆள் இல்லை. தூக்கமின்மை, வியர்வை, குமட்டல், படபடப்பு, காரணமில்லாத பதற்றம், சிலருக்கு மறுபடி வலிப்பு. அந்த நாள்களில் அவர் எரிந்துவிழுந்தால் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏற்பிகள் மெல்ல மேலே திரும்பி வருகின்றன. சாதாரணக் கஞ்சாப் பழக்கத்தை நிறுத்தியவர்களில் சுமார் நான்கு வாரங்களில் சிபி1 பெரும்பாலும் பழைய நிலைக்கு வருவதை மூளைப் படங்களில் பார்த்திருக்கிறார்கள். அதுவரை தனியாக ஓசூர் அறைக்கு அனுப்ப வேண்டாம். வீட்டிலேயே இருக்கட்டும். மனநலப் பிரிவில் காட்டுங்கள். 14446 என்ற தேசியப் போதை மீட்பு எண்ணுக்குக் கட்டணம் இல்லை. போலீஸ் வழக்காகிவிடுமோ என்ற பயத்தில்தான் பல வீடுகளில் மருத்துவமனைக்கே போவதில்லை. 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்து முடிக்கும் அடிமைப்பட்டவருக்குச் சிறு அளவு, உட்கொண்டது ஆகியவை தொடர்பான வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டே போகலாம்.

பெரியம்மா கோயிலுக்குப் போய் விபூதி வாங்கி வைக்கட்டும், அதில் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் ரத்தப் பரிசோதனை முடிந்த பிறகு போகட்டும். கிரியாட்டினின் எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள் தம்பி, காத்திருக்கிறேன்.